பூட்ஸைக் கழற்றிய ஏட்டையா

மருந்து ஷெட்டுக்கு வெளியே ஒரு வேப்பமரம். அதன் நிழலில்தான் நாங்கள் ஆளுக்கொன்றாகக் கொண்டுவரும் சோற்றுத் தூக்குச்சட்டிகளை வைப்போம். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு காலை நேரம், பதினாலு தூக்குச்சட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி போலீஸ் பூட்ஸ் நின்றது. பெரிய கறுப்பு பூட்ஸ். மூக்கில் கரிசல் மண் அப்பியிருந்தது. குதிகாலில் மாட்டுக்கு அடிக்கிற மாதிரி லாடம், அடியில் வரிசையாக இரும்பு ஆணிகள். எங்களில் பாதிப் பேருக்குச் செருப்பே கிடையாது. அந்த பூட்ஸை நாங்கள் ஆளுக்கொரு முறை எட்டி எட்டிப் பார்த்தோம். அதைக் கழற்ற வைத்தவள் நான். இன்றைக்கும் அதைச் சொல்லும்போது எனக்குத் தலை கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது, மறைப்பானேன்.

போன மாதம் எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் போலீசுக்கும் பொதுமக்களுக்கும் நல்லுறவு வளர்க்க ஒரு கூட்டம் போட்டார்கள். பேனர், பிளாஸ்டிக் நாற்காலி, டீ, பிஸ்கட் எல்லாம் உண்டு. வந்திருந்த அதிகாரி சின்ன வயதுப் பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க எங்களை நம்பணும்" என்று மூன்று தடவை சொன்னார். ஊரிலேயே வயதானவள் என்று என்னிடமும் மைக்கைக் கொடுத்தார்கள். "நம்புறோம்னு இங்கன உக்காந்து சொல்லிட்டுப் போறது லேசுய்யா" என்று ஆரம்பித்தேன். ஐந்து நிமிஷத்தில், "பாட்டி களைச்சுப் போயிருப்பாங்க" என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள். நான் களைக்கவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். பேனாவை யாரும் பிடுங்க முடியாது.

ஆமத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவே, ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, பருத்திக்காட்டு ஓரத்தில் இருந்தது எங்கள் பட்டாசுக் கம்பெனி. எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். மாமனாருக்குக் கரிசல் நிலம் உண்டு, மழைதான் இல்லை. இடுப்பில் ஒரு பெண் பிள்ளை. எட்டாவது வரை படித்தவள் என்பதால் கம்பெனியில் என்னைப் பெண்களுக்கு மேஸ்திரி ஆக்கினார்கள். நாங்கள் பதினாலு பேரும் பூச்சட்டிக்கு மருந்து அடைப்பவர்கள். மருந்து என்று நாங்கள் சொல்வது வெடிமருந்தைத்தான். அதன் பக்கத்தில் இரும்பு வரக்கூடாது. இரும்பு கல்லில் உரசினால் பொறி, பொறி விழுந்தால் அள்ளுவதற்குக்கூட ஆள் மிஞ்சாது. அதனால் கொண்டை ஊசி, ஊக்கு, சாவி என்று உடம்பில் இருக்கிற இரும்பையெல்லாம் வாசலில் ஒரு சிரட்டையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைப்போம். முதலாளியின் மகனே ஒருநாள் சாவிக்கொத்தோடு வந்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறான்.

போலீஸ் என்றால் எங்களுக்கு அப்போது என்ன நினைப்பு என்பதையும் சொல்லிவிட வேண்டும். தீபாவளிக்கு முன்னால் வருவார்கள், பெரிய அட்டைப் பெட்டியோடு போவார்கள். எங்காவது ஷெட் வெடித்தால் வருவார்கள், செத்தவன் பீடி குடித்தான் என்று எழுதிக்கொண்டு போவார்கள். பீடியே தொடாத ஆட்கள்கூடச் செத்த பிறகு பீடி குடித்தவர்களாக ஆகியிருக்கிறார்கள். அதனால் காக்கியைக் கண்டால் எங்களுக்கு வாய் கட்டிவிடும். கேட்டதற்கெல்லாம் "தெரியாதுய்யா" ஒன்றுதான் பதில். பயம் மட்டும் இல்லை அது, வெறுப்பும்தான்.

அந்தக் காலையில் புதிதாக மாற்றலாகி வந்த ஏட்டையா சைக்கிளில் வந்தார். லைசென்ஸ்படி எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கிற வழக்கமான சோதனை. நாற்பத்தைந்து வயது இருக்கும். முன்வழுக்கை, கனத்த உடம்பு, சிரிக்காத முகம். மேனேஜர் ஆபீஸ் அறையில் காப்பி வாங்கி வைத்துக் காத்திருக்க, இவர் நேராக எங்கள் ஷெட்டைப் பார்த்து நடந்து வந்தார். வாசலில் கருங்கல் படி. நான் உள்ளே மருந்துத் தட்டைக் கையில் வைத்திருந்தேன். அந்தப் படிக்கு நேராக லாடம் அடித்த ஒரு கால் உயர்வதைப் பார்த்தேன். ஆளைப் பார்க்கவில்லை, காலை மட்டும்தான் பார்த்தேன்.

"ஏலே, நில்லுலே! காலை வைக்காத!"

கத்தின பிறகுதான் யாரைப் பார்த்துக் கத்தினோம் என்று உறைத்தது. ஏட்டையாவைப் போய் "ஏலே" என்றிருக்கிறேன். அவர் தூக்கிய காலை அப்படியே பின்னால் வைத்தார். முகம் சிவந்துவிட்டது. "என்ன சொன்ன?" என்றார். நான் சொன்னேன்: "காலுக்கடியில இரும்பு இருக்குய்யா. உரசுச்சுன்னா எங்களோட நீங்களும் போயிருவீக." அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். கருங்கல்லைப் பார்த்தார். பிறகு வேப்பமரத்தடிக்குப் போய், வேரில் உட்கார்ந்து, கயிற்றை அவிழ்த்து பூட்ஸைக் கழற்றி வைத்தார். இடுப்பு பெல்ட்டையும் விசிலையும் சிரட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். வெறுங்காலோடு உள்ளே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். "உனக்குக் கேஸ்தான்டி" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எட்டாம் நாள் மறுபடி வந்தார். கேட்டிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு, வெயிலில் கொதிக்கிற மண்ணில் கால் மாற்றி மாற்றி வைத்து வந்தார். பார்க்கச் சிரிப்பாக இருந்தது, யாரும் சிரிக்கவில்லை. "தாயி, நீ சொன்னது சட்டப் புஸ்தகத்திலயே இருக்கு. இரும்பு ஆணி போட்ட செருப்போட யாரும் உள்ள போகக் கூடாதாம். இம்புட்டு வருஷம் சோதனைக்குப் போயிருக்கேன், எனக்குத் தெரியல" என்றார். ஒரு போலீஸ்காரர் வாயால் "எனக்குத் தெரியல" என்று கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்காக நான் உருகிப் போய்விட்டேன் என்று நினைக்க வேண்டாம். இதில் என்ன சூது இருக்கிறதோ என்றுதான் யோசித்தேன்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எழுதியதை எழுதிய இடத்திலேயே உரக்க வாசிப்பார். "தப்பா இருந்தா இப்பவே சொல்லுங்க. எழுதினது நான், ஆனா அதுல இருக்கிறது நீங்க" என்பார். முதல் இரண்டு தடவை நாங்கள் மரம் மாதிரி நின்றோம். மூன்றாம் தடவை, "இந்த ஷெட்டில் நான்கு பேர் வேலை செய்கிறார்கள்" என்று வாசித்தார். மேனேஜர் சொல்லி எழுத வைத்தது அது. லைசென்ஸ் நாலு பேருக்குத்தான். இருந்தது பதினாலு பேர். சோதனைக்கு ஆள் வந்தால் பத்துப் பேர் பின்வாசல் வழியாகக் பட்டாசுக் கட்டுக்குக் காகிதம் ஒட்டுகிற ஷெட்டுக்குப் போய்விட வேண்டும், அதுதான் கம்பெனிப் பழக்கம். அன்றைக்கு எங்களில் ஒருத்தி, வாய் திறந்தே பார்த்திராதவள், வேப்பமரத்தைக் காட்டி மெல்லச் சொன்னாள்: "தூக்குச்சட்டிய எண்ணிப் பாருங்க ஏட்டையா."

அவர் எண்ணினார். நாலை அடித்துப் பதினாலு என்று எழுதினார். எழுதியதை மறுபடி வாசித்தார். மேனேஜர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஏட்டையா போன பிறகு, "எவடி சொன்னது?" என்று மேனேஜர் குதித்தார். யாரும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் ஏட்டையாவே வந்து, "எண்ணினது நான். கண்ணு எனக்கும் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு மாதத்தில் புது ஷெட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். தோண்டினதோடு நின்றது என்பது வேறு கதை. ஆனால் அதன்பிறகு ஆடு காணாமல் போனவள் ஸ்டேஷனுக்குப் போனாள். புருஷன் அடித்துக் கையை ஒடித்தவளும் போனாள். எங்கள் ஊர்ப் பெண்கள் தங்கள் காலால் நடந்து ஸ்டேஷன் படி ஏறியது அப்போதுதான். நானும்கூட, காக்கிக்குள்ளும் ஒரு மனுஷன் இருக்கக்கூடும் என்று நினைக்க ஆரம்பித்திருந்தேன். அந்த நினைப்பு வெகுநாள் நீடிக்கவில்லை.

அந்த வருஷம் தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருந்தது. சீசன் உச்சம். ஆர்டர் குவிந்து கிடந்தது. காற்று காய்ந்து, தொட்டதெல்லாம் சுடுகிற பகல். புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். பின்னால் ஏட்டையாவும் இரண்டு போலீசும். பக்கத்து ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் நடந்த அடிதடியில் தேடப்படுகிற ஒருவன் எங்கள் கம்பெனியில் ஒளிந்திருப்பதாகத் தகவல். ஏட்டையா கேட்டிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டார். இன்ஸ்பெக்டர் கழற்றவில்லை. அவருடைய லாடம் சரளைக் கல்லில் டக் டக்கென்று ஒலிக்க, எங்கள் ஷெட்டைப் பார்த்து வந்தார். உள்ளே பதின்மூன்று பெண்கள், தரையெல்லாம் காய்ந்த மருந்து. நான் வாசலின் இரண்டு பக்கச் சட்டத்தையும் கையால் பிடித்துக்கொண்டு குறுக்கே நின்றேன்.

"பூட்ஸைக் கழட்டிட்டு வாங்கய்யா."

"யார்கிட்டப் பேசுறேன்னு தெரியுதா?"

"தெரியுதுய்யா. நீங்க எங்கன நிக்கிறீகன்னுதான் உங்களுக்குத் தெரியல."

பிரம்பால் என் மணிக்கட்டில் ஓங்கி ஒரு அடி. கையை எடுக்கவில்லை. இன்னொரு அடி. அப்போதும் எடுக்கவில்லை. வீரம் என்றெல்லாம் இல்லை. என் கை எடுபட்டால் அந்த லாடம் படியில் விழும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. பின்னால் நின்ற ஏட்டையாவைப் பார்த்தேன். "ஐயா, அது வந்து..." என்று ஆரம்பித்தார். "வாயை மூடுய்யா" என்றார் இன்ஸ்பெக்டர், திரும்பிக்கூடப் பார்க்காமல். ஏட்டையா வாயை மூடிக்கொண்டார். தலையைக் குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அடி வலித்ததைவிட அது வலித்தது. அதற்குள் உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாசல் வழியே வெளியேறிவிட்டார்கள். போலீஸ் தேடி வந்த ஆள் இந்த ஷெட்டிலேயே இல்லை. கலவை ஷெட்டுக்குப் பின்னாலிருந்து பருத்திக்காட்டுக்குள் பாய்ந்து ஓடினான். அந்த ஆத்திரம் அத்தனையும் என் மேல் திரும்பியது. என்னை ஜீப்பில் ஏற்றினார்கள்.

மாமனார் வந்து ஜாமீனில் எடுத்தார். கேஸ் இரண்டு: போலீசைக் கடமை செய்ய விடாமல் தடுத்தது, குற்றவாளி தப்பிக்க உதவியது. அதைவிட மோசம் ரிப்போர்ட்டில் இருந்த கதை. இன்ஸ்பெக்டர் பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் வந்தாராம். அப்படியும் நான் வேண்டுமென்றே மறித்துக் கெட்ட வார்த்தை பேசினேனாம். அதற்குச் சாட்சி என்று அடியில் கையெழுத்துப் போட்டிருந்தவர் யார்? எங்கள் ஏட்டையா. வக்கீல் அதை வாசித்துக் காட்டியபோது எனக்கு அழுகை வரவில்லை, வாய் கசந்தது. "எண்ணிப் பாத்து எழுதுற ஏட்டையா எழுதின லட்சணத்தப் பாத்தியா" என்று ஊரில் என் முகத்துக்கு நேரே கேட்டார்கள். கேஸ் முடிகிறவரை வேலைக்கு வர வேண்டாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. ஜெயிலுக்குப் போனால் பிள்ளை யாரிடம் வளரும் என்று வீட்டில் பேச்சு நடந்தது. மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவதாக ஆள் அனுப்பினார்கள். எதற்கு மன்னிப்பு? பதின்மூன்று பேர் உயிரோடு வீட்டுக்குப் போனதற்கா? மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன்.

கோர்ட்டில் என் பக்கம் பெஞ்சு முழுக்க எங்கள் ஷெட் பெண்கள். அவர்கள் சாட்சியை, கூட வேலை செய்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று அரசு வக்கீல் தள்ளிவிட்டார். அடுத்து ஏட்டையாவைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறினார். இன்ஸ்பெக்டர் எதிர் வரிசையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். "இன்ஸ்பெக்டரை இந்தப் பெண் தடுத்தாரா?" என்று அரசு வக்கீல் கேட்டார்.

"தடுத்தாங்க."

என் பிள்ளையின் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அரசு வக்கீல் போதும் என்று உட்காரப் போனார். ஏட்டையா கூண்டை விட்டு இறங்கவில்லை. மாஜிஸ்திரேட்டைப் பார்த்து, "ஐயா, இன்னும் இருக்கு" என்றார்.

"இன்ஸ்பெக்டர் ஐயா பூட்ஸைக் கழட்டல. ரிப்போர்ட்டுல கழட்டினதா இருக்கு. அதை எழுதினது நான் இல்ல, கையெழுத்து மட்டும் என்னுது. போடுன்னாங்க, வாசிச்சுப் பாக்காமப் போட்டேன். ஊருக்கெல்லாம் வாசிச்சுக் காட்டுற நான் எனக்கு வாசிச்சுக்கிடல. என்ன எழுதியிருக்கும்னு தெரிஞ்சேதான் வாசிக்கல. இரும்பு ஆணியோட உள்ள போறது சட்டப்படி தப்பு. அன்னைக்கு அவரைத் தடுத்திருக்க வேண்டியது நான். நான் பயந்து நின்னேன். இந்தம்மா பயப்படல. தண்டிக்கணும்னா என்னைத் தண்டிங்க."

இன்ஸ்பெக்டர் மேலே போட்டிருந்த காலை இறக்கினார். மாஜிஸ்திரேட் சட்டப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். மத்தியானத்துக்குள் என்னை விடுதலை செய்துவிட்டார்.

வெளியே புங்கமரத்தடியில் ஏட்டையா தனியாக நின்றார். மற்றப் போலீஸ்காரர்கள் யாரும் அவர் பக்கம் போகவில்லை. நான் போனேன். நன்றி சொல்லப் போகவில்லை. கோபம் எனக்கு இன்னும் ஆறியிருக்கவில்லை.

"அன்னைக்கே ஏன் சொல்லல ஏட்டையா?"

"பயம் தாயி. மூணு பொம்பளப் பிள்ளைக. வேலை போச்சுன்னா அதுகளுக்கு யாரு?"

"எங்களுக்கும் பிள்ளைக இருக்கு."

"இருக்கு. பெஞ்சுல நீங்க பதினாலு பேரும் உக்காந்திருந்தீகல்ல, அதைப் பாத்துட்டு எனக்குப் பொய் வரல."

அவர் கண் கலங்கியிருந்தது. என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. மணிக்கட்டைக் கேட்டார், காட்டினேன். எலும்பு கொஞ்சம் கோணலாகக் கூடியிருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, அவர் தோளுக்குக் கீழே இருந்த பட்டையைப் பிடுங்கிச் சாதாரண கான்ஸ்டபிளாக்கி, தொண்டிப் பக்கம் கடலோர ஸ்டேஷன் ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள். இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. போன மாதக் கூட்டத்தில் நான் சொல்ல வந்தது இதைத்தான். இன்றைக்கு வருகிறவர்கள் நன்றாகப் பேசுகிறார்கள், நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்கள், நல்லதுதான். மேலதிகாரி எதிரே உட்கார்ந்திருக்கும்போது கூண்டில் ஏறி "அவர் செய்தது தப்பு" என்று சொல்ல உங்களில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். மைக் போய்விட்டது.

அவர் புறப்படுகிற நாள் எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. வேலைக்குத் திரும்பியிருந்த நான் அரை நாள் லீவு கேட்டேன். மேனேஜர் கிடையாது என்றார். பதினாலு பேரும் மருந்துத் தட்டை மூடி வைத்துவிட்டு ஆமத்தூர் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். ஏட்டையா வேட்டி சட்டையில், டிரங்குப் பெட்டியும் பெண்டாட்டி பிள்ளைகளுமாக நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும், "போங்கம்மா, வம்பை விலைக்கு வாங்காதீக" என்று பதறினார். நாங்கள் போகவில்லை. சின்னப் பிள்ளையை ஒருத்தி தூக்கி வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்காமலே, "என்ன கூட்டம் இங்க? போலீஸ்காரனுக்கு ஊர்வலமா? பேரைச் சொல்லுங்கடி, எழுதிக்கிறேன்" என்று நோட்டை எடுத்தார். எங்கள் பக்கத்தில் காக்கி பேரைக் கேட்டால் சொந்தப் பேரைச் சொல்கிற ஆளே கிடையாது. வாயில் வந்த சாமி பேரைச் சொல்லிவிட்டு நழுவுவதுதான் வழக்கம். ஏட்டையா தலையைக் குனிந்துகொண்டார்.

தூக்குச்சட்டியை எண்ணச் சொன்னவள்தான் முதலில் முன்னால் போனாள். தன் சொந்தப் பேர், தகப்பன் பேர், ஊர், தெரு எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். அடுத்தவள் சொன்னாள். அதற்கடுத்தவள். இன்ஸ்பெக்டர் நாலாவது பேரோடு எழுதுவதை நிறுத்தினார். நாங்கள் நிறுத்தவில்லை. அவர் ஜீப்பைக் கிளப்பச் சொன்னபோது ஒன்பதாவது பேர் வந்திருந்தது. ஜீப் போன திசையைப் பார்த்து மிச்ச ஐந்து பேரும் சொன்னோம். கடைசியில் என் பேரை நான் சொன்னேன், ஆமத்தூர் ரோடு முழுக்கக் கேட்கிற மாதிரி.